என்.சி.ஏ.ஏ. எலிஜிபிலிட்டி சென்டர்: கட்டணத்துக்குக் குறைவில்லாத சேவை, ஆனால் ஃபைலை நகர்த்துவது நீங்கள் இல்லை

அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆட ஸ்காலர்ஷிப் பேச்சு தொடங்கிய வீட்டில் அடுத்த வாரமே காதில் விழும் பெயர் இது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின், இண்டியானாபொலிஸில் உள்ள தகுதிச் சான்று அலுவலகம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்ற சோம்தேவ் தேவ்வர்மனும், கான்சஸ் ஸ்டேட் அணிக்காக 2018, 2022 ஆண்டுகளில் உயரம் தாண்டுதலில் பட்டம் வென்ற தேஜஸ்வின் ஷங்கரும் தகுதிச் சான்று வாங்கித்தான் களத்தில் இறங்கினார்கள். சோம்தேவ் சேர்ந்த காலத்தில் இதற்குக் கிளியரிங்ஹவுஸ் என்று பெயர்.

இந்தச் சேவையைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது, இது ஸ்காலர்ஷிப் வாங்கித் தராது, கோச்சை அறிமுகப்படுத்தாது, அட்மிஷனும் தராது. இரண்டே கேள்விக்குப் பதில் சொல்லும்: படிப்பில் தகுதி உண்டா, அமெச்சூர் தகுதி (பணத்துக்காக ஆடாதவர் என்ற தகுதி) உண்டா. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று கேட்டால், ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். குறையும் ஒன்றரையில் பாதி அவர்கள் தளம் அமெரிக்கப் பள்ளிகளை மனதில் வைத்துக் கட்டப்பட்டது என்பதற்காக. மீதிப் பாதி, யாருக்காக எதற்குக் காத்திருக்கிறோம் என்பதைத் தளத்தில் தெளிவாகச் சொல்லாததற்காக.

எந்தக் கணக்கை எப்போது தொடங்குவது

மூன்று வகைக் கணக்குகள் உண்டு. இலவச புரொஃபைல் கணக்கு ஒன்று. அமெச்சூர் சான்றுக்கு மட்டுமான கணக்கு இன்னொன்று. படிப்பும் அமெச்சூர் தகுதியும் சேர்ந்த முழுக் கணக்கு மூன்றாவது. வெளிநாட்டு மாணவருக்கு முழுக் கணக்கின் கட்டணம் 150 டாலருக்கு மேல், அமெரிக்க மாணவர் கட்டுவதைவிட அதிகம். கட்டிய பணம் திரும்பாது. ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே பணம் கட்டிவிடுங்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால் கேட்க வேண்டியதில்லை. இலவசக் கணக்கு தொடங்கினாலே 10 இலக்க என்.சி.ஏ.ஏ. எண் வந்துவிடும். கோச்சுகள் மின்னஞ்சலில் கேட்பது அந்த எண்ணைத்தான். டிவிஷன் 1 அல்லது 2 (என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளின் மேல் இரண்டு நிலைகள்) கல்லூரி ஒன்று உங்களிடம் அக்கறை காட்டிய பிறகு முழுக் கணக்குக்கு மாறினால் போதும்.

டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை. அதனால் சான்றே வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டு மாணவருக்கு அங்கேயும் அமெச்சூர் சான்று தேவை. இரண்டாவது வகைக் கணக்கு அதற்குத்தான்.

கணக்கு தொடங்கும் மின்னஞ்சல் பள்ளி கொடுத்ததாக இருக்கக் கூடாது. பன்னிரண்டு முடிந்ததும் பள்ளி அதை மூடிவிடும், கடைசிச் சான்று வரும் நேரத்தில் உள்ளே நுழைய முடியாது. பயிற்சியாளரின் மின்னஞ்சலும் வேண்டாம்.

ஃபைல் ஏன் அசையவில்லை

இந்த சேவைமேல் வரும் புகார்களில் முக்கால்வாசி இதுதான்: பணம் கட்டியாயிற்று, மார்க் ஷீட் ஏற்றியாயிற்று, இரண்டு மாதமாக ஒன்றும் நடக்கவில்லை. காரணம் ஒரே வரியில் அடங்கும். ஏதாவது ஒரு கல்லூரி உங்களைத் தன் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கும் வரை சென்டர் உங்கள் ஃபைலைப் பரிசீலனைக்கு எடுக்காது. அந்தப் பட்டியலுக்கு ஐ.ஆர்.எல். என்று சுருக்கம். அதில் பெயரைச் சேர்ப்பது என்.சி.ஏ.ஏ. விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகம், மாணவர் அல்ல.

ஆகவே சென்டருக்குப் பத்து மின்னஞ்சல் போடுவதைவிட, கோச்சுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: என் என்.சி.ஏ.ஏ. எண் இது, என்னை ஐ.ஆர்.எல்.லில் சேர்த்துவிட்டீர்களா, உங்கள் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் யாரிடம் பேசலாம். இதற்குக் கோச் நேராகப் பதில் சொல்லாமல் நழுவினால் அதுவும் ஒரு தகவல்தான். உங்களை உண்மையிலேயே அணியில் வேண்டும் என்று நினைக்கும் கோச் அன்றைக்கே சேர்த்துவிடுவார். தொலைபேசி உதவி உண்டு, ஆனால் அவர்களுக்குக் காலை என்றால் நமக்கு மாலை. கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கோ சென்டரோடு நேரடித் தொடர்பு இருக்கும். அவர்கள் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

ஒன்பதாம் வகுப்பு மார்க், பாஸ்போர்ட் பெயர்

நம் ஊரில் பத்து, பன்னிரண்டு மார்க் ஷீட்டை லேமினேட் செய்து பீரோவில் வைப்போம். ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டு பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும். சென்டருக்கு ஒன்பதிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் வேண்டும், தகுதிக்கு எண்ணும் முக்கியப் பாடங்களின் (கோர் பாடங்கள்) கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. எஸ்.டி.ஏ.டி. (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) விளையாட்டு விடுதிக்காகப் பள்ளி மாறியவர்களுக்கு இது இரட்டை வேலை. ஒன்பது ஒரு ஊரில், பதினொன்று இன்னொரு ஊரில் என்று இருக்கும். பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் பாடவாரியான மதிப்பெண், கல்வியாண்டு, பள்ளி முத்திரை மூன்றும் உள்ள பட்டியலை ஆங்கிலத்தில் வாங்கி வையுங்கள். டி.சி. வாங்கப் போகும் அன்றே இதையும் கேட்டுவிட்டால் இரண்டாவது முறை அலைய வேண்டாம்.

வெளிநாட்டுச் சான்றிதழை அமெரிக்க மதிப்புக்கு மாற்றித் தரும் தனியார் மதிப்பீட்டு அறிக்கை சென்டருக்குத் தேவையில்லை. வெளிநாட்டுப் பாடத்திட்டங்களைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் அவர்களிடமே இருக்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் அட்மிஷனுக்காக அந்த அறிக்கையைக் கேட்கும், அது வேறு கணக்கு. கல்லூரி கேட்ட பிறகு வாங்கினால் போதும்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மார்க் ஷீட்டில் 'முத்துக்குமார் ரா' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'முத்துக்குமார் ராமசாமி' முழுவதும் கிவன் நேம் கட்டத்தில் இருக்கும், சர்நேம் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் சர்நேம் காலியாக இருக்க முடியாது. அதனால் கிவன் நேம் முழுவதும் சர்நேமாக மாறி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்புறம் கல்லூரி அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் பையன் பெயர் 'எஃப்னூ'. அணியில் எல்லாரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்த கதைகளும் உண்டு.

ஒன்பது, பத்து படிக்கும்போதே பாஸ்போர்ட்டை மறுபதிவு செய்து, இனிஷியலின் விரிவைச் சர்நேம் கட்டத்தில் ஏற்றிவிடுவதுதான் சரியான வழி. என்.சி.ஏ.ஏ. கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் தொடங்குங்கள். மார்க் ஷீட்டின் இனிஷியல் எந்தப் பெயரின் சுருக்கம், இருவரும் ஒருவரே என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று, நோட்டரி அஃபிடவிட் ஒன்று தயாராக இருக்கட்டும். பிறந்த தேதி இரண்டிலும் ஒன்றா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

சென்டர் நிஜமாகவே ஆட்களை வீழ்த்தும் இடம் மதிப்பெண் அல்ல, காலக் கணக்கு. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான்கு கல்வியாண்டுகளில் பள்ளிப் படிப்பு முடிய வேண்டும். டிவிஷன் 1-க்கு அதற்குள் முடித்த பாடங்கள்தான் கணக்கில் வரும். உரிய காலத்தில் முடித்தவருக்கு மட்டும் அதன்பின் ஓராண்டுக்குள் ஒரு பாடம் சேர்க்க இடம் உண்டு.

உதாரணமாக, ஒரு டென்னிஸ் மாணவி 2022 ஜூனில் ஒன்பதில் சேர்ந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முடிக்க வேண்டியது 2026 கோடையில். பத்தாவது முடித்ததும் ஓராண்டு ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) ஜூனியர் போட்டிகளுக்காகப் படிப்பை நிறுத்தி, பிறகு என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாவதை 2027-இல் முடிக்கிறாள். வீட்டில் எல்லோரும் 2027-இல் முடித்தாள் என்பார்கள். சென்டரின் ஏட்டில் அவள் 2026-இல் முடித்திருக்க வேண்டியவள். அதற்குப் பிறகு எழுதிய பாடங்களில் பெரும்பாலானவை கணக்கில் வராது. என்.ஐ.ஓ.எஸ். மீது இங்கே பழி இல்லை, இடைவெளிதான் பிரச்சினை. அக்டோபர்–நவம்பர் தேர்வில் மீதிப் பாடங்களை எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்களும் இதே பள்ளத்தில் விழுவார்கள்.

இரண்டாவது கடிகாரம் பள்ளி முடிக்க வேண்டிய அந்த நாளில் தொடங்கும். பள்ளி முடிக்க வேண்டிய நாளுக்குப் பிறகு டிவிஷன் 1 டென்னிஸுக்கு 6 மாதம், பெரும்பாலான மற்ற விளையாட்டுகளுக்கு 12 மாதம் சலுகைக் காலம். அதைத் தாண்டியும் கல்லூரியில் சேராமல் போட்டிகளில் ஆடினால், ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கல்லூரியில் ஆடக் கிடைக்கும் சீசன்களில் ஒன்று கழியும், சேர்ந்த பிறகு ஓராண்டு ஆடாமல் உட்காரவும் வேண்டும். பரிசுத் தொகையே இல்லாத உள்ளூர்ப் போட்டி என்றாலும், அதிகாரபூர்வமாக ஸ்கோர் பதிவானால் போட்டிதான். வெறும் பயிற்சி கணக்கில் வராது. இந்த விதிகளை அவர்கள் அடிக்கடி திருத்துகிறார்கள், ஆகவே சேரப்போகும் ஆண்டின் கையேட்டை இறக்கிப் படியுங்கள். அண்ணன் போனபோது இருந்த விதி தம்பிக்கு உதவாது.

பாடங்கள்

16 கோர் பாடங்கள் வேண்டும். டிவிஷன் 1-க்கு ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, மீதி 4 பொதுவாக. இவற்றின் சராசரி, 4 புள்ளி அளவில், 2.3-க்குக் குறையக் கூடாது, டிவிஷன் 2-க்கு 2.2. எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண் தேவை 2023 ஜனவரியில் நீக்கப்பட்டது. கல்லூரி அட்மிஷனுக்குத் தனியாகக் கேட்கலாம். இந்திய மதிப்பெண்ணை மாற்றத் தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள், ஆகவே 65 சதவீதம் என்று பயந்து ஒதுங்க வேண்டாம். உடற்கல்விக்கு எடுத்த 98 மட்டும் எங்கும் உதவாது.

பயப்பட வேண்டியவர்கள் பதினொன்றில் கணிதம் இல்லாத குரூப் எடுத்தவர்கள். பயிற்சிக்கு நேரம் கிடைக்கும் என்று எடுப்பார்கள். அப்போது 9, 10 என இரண்டு ஆண்டுக் கணிதம்தான் கையில் இருக்கும், மூன்றாவது இடிக்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகக் கணிதம், சி.பி.எஸ்.இ.யில் அப்ளைடு மேத்ஸ் என்று வழி இருக்கிறது. குரூப் தேர்ந்தெடுக்கும் முன் கணிதமாக அதை ஏற்பார்களா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

சராசரி 2.0-க்கும் 2.3-க்கும் நடுவில் இருந்தால் டிவிஷன் 1-இல் 'அகாடமிக் ரெட்ஷர்ட்' நிலை கிடைக்கும். ஸ்காலர்ஷிப் உண்டு, முதல் பருவத்தில் பயிற்சி உண்டு, முதலாண்டு போட்டி கிடையாது.

பரிசுப் பணம், ஊக்கத்தொகை, ஏஜென்ட்

அமெச்சூர் கேள்விப் பகுதியில் மறைக்கப் பார்ப்பதுதான் பெரிய தவறு. போட்டி முடிவுகள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன, அவர்களும் தேடுவார்கள். பரிசு வாங்கினால் அந்தப் போட்டிக்கு ஆன ரயில் டிக்கெட், நுழைவுக் கட்டணம், அறை வாடகை, சாப்பாட்டு பில் எல்லாவற்றையும் போட்டிவாரியாக ஓர் உறையில் போட்டு வையுங்கள். பரிசு செலவுக்கு உட்பட்டது என்று காட்டுவதே பெரும்பாலான விளையாட்டுகளில் வழி. டென்னிஸில் கல்லூரிக்கு முன் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது நீண்ட நாள் இருந்த விதி. அந்த வரம்பை எதிர்த்து நார்த் கரோலினா வீராங்கனை ஒருவர் 2024-இல் வழக்குப் போட்டார்.

தமிழக அரசு பதக்கத்துக்குத் தரும் உயரிய ஊக்கத்தொகை, டென்னிஸ் மட்டை தயாரிக்கும் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வாங்கிய வேலை என்று எது இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன்பே கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திடம் கேளுங்கள். விளையாடுவதற்காகச் சம்பளம் வாங்கியது பிறகு தெரிந்தால் சரிசெய்வது கடினம்.

ஸ்காலர்ஷிப் தேடித் தரும் ஏஜென்ஸிகள் விஷயத்தில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஸ்காலர்ஷிப் தொகையில் இத்தனை சதவீதம் எங்களுக்கு என்று ஒப்பந்தத்தில் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். என்.சி.ஏ.ஏ. விதிப்படி இப்படிப்பட்ட சேவைக்கு நிலையான கட்டணம்தான் வாங்கலாம். சதவீதக் கணக்கு உங்கள் பிள்ளையின் தகுதியையே பாதிக்கும். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்வதில் பெரும்பகுதி, வீடியோ வெட்டி நூறு கோச்சுகளுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவது. அதை நீங்களே செய்யலாம், அதுவும் இன்னும் நன்றாகச் செய்யலாம். டென்னிஸுக்கு யு.டி.ஆர். என்ற தரமதிப்பு எண், தடகளத்துக்கு அதிகாரபூர்வ முடிவுத் தாளின் இணைப்பு, நீச்சலுக்கு நேரங்கள் முதல் வரியிலேயே இருக்கட்டும். அமெரிக்கக் கல்லூரி நீச்சல் 25 கெஜக் குளத்தில் நடக்கிறது. வேளச்சேரியில் 50 மீட்டர் குளத்தில் எடுத்த நேரம் என்று குறிப்பிடாமல் அனுப்பினால் கோச் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். பதில் வரவில்லையே என்று கலங்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்: பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடியும் ஆண்டின் ஜூன் 15-க்கு முன் டிவிஷன் 1 கோச் பதில் எழுதவே கூடாது.

'முழு ஸ்காலர்ஷிப்' என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். 2024 அக்டோபரில் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் (ஒரு கல்லூரியில் சேர்வதாகக் கையெழுத்திடும் ஒப்பந்தம்) முறை ஒழிக்கப்பட்டது. இப்போது கல்லூரியின் நிதியுதவி ஒப்பந்தம் ஒன்றுதான் ஆதாரம். அதில் எத்தனை ஆண்டு, எத்தனை டாலர் என்று இருக்கிறதோ அதுவே உண்மை. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு போய், அணி அளவு வரம்பு வந்திருக்கிறது. டென்னிஸுக்கு 10 பேர். முன்பு ஆண்கள் டென்னிஸுக்கு 4.5 ஸ்காலர்ஷிப்தான், அதைப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். பத்து இடத்துக்கும் முழுப் பணம் கொடுக்க அனுமதி உண்டு என்பதற்காக எல்லாக் கல்லூரியும் கொடுக்கப் போவதில்லை. ஒரு இடம் குறைந்தால் முதலில் யார் பெயர் போகும் என்று கோச்சிடமே கேளுங்கள்.

இந்தக் கணக்கே வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். ஸ்குவாஷுக்கு என்.சி.ஏ.ஏ. சாம்பியன்ஷிப் கிடையாது, அதை நடத்துவது காலேஜ் ஸ்குவாஷ் அசோசியேஷன். கொலம்பியாவில் ஆடிய வேலவன் செந்தில்குமார் நல்ல உதாரணம். கொலம்பியா உள்ள ஐவி லீகில் (எட்டுப் பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருவார்கள். என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே உள்ள இன்னொரு கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.ஏ.ஐ.ஏ.வின் கல்லூரிகளுக்குத் தனித் தகுதி மையம் இருக்கிறது. மதுரை டென்னிஸ் வீரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் ஜார்ஜியா க்வினெட் என்ற என்.ஏ.ஐ.ஏ. கல்லூரியில் ஆடிவிட்டுத்தான் வேக் ஃபாரஸ்ட் என்ற டிவிஷன் 1 பல்கலைக்கழகத்துக்குப் போனார். சுற்றுவழிதான், ஆனால் போக முடிகிற வழி.

ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை

இலையுதிர் பருவத்தில் சேருபவர் ஏப்ரல் 1 முதல் கணக்கில் நுழைந்து கடைசி அமெச்சூர் சான்றைக் கேட்க வேண்டும். தானாக வராது, ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே மாதம் வந்ததும் மார்க் ஷீட்டை ஏற்றுங்கள். இடையில் ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) வாங்கி, 350 டாலர் செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம் கட்டி, விசா நேர்காணல் தேதி பிடிக்க வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று முடிந்து இன்னொன்று என்று காத்திருந்தால் ஆகஸ்ட் போய்விடும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில், ஐ-20-இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன் அமெரிக்காவுக்குள் போக முடியாது. வாலிபால், கால்பந்து, கிராஸ் கன்ட்ரி அணிகள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பயிற்சியைத் தொடங்கிவிடும். கோச் சொன்ன தேதியும் ஐ-20 தேதியும் பொருந்துகிறதா என்று விமான டிக்கெட் போடும் முன் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் சர்வதேச மாணவர் அலுவலகம்தான் ஐ-20-ஐத் திருத்தித் தர வேண்டும், கோச்சால் முடியாது.

போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு விஷயங்களை அணி நண்பர்களைப் பார்த்துச் செய்யக் கூடாது. பயண நாட்கள் அதிகம் என்று அமெரிக்க மாணவர்கள் மூன்று நான்கு வகுப்புகளை ஆன்லைனில் எடுப்பார்கள். எஃப்-1 மாணவருக்கு முழுநேரக் கணக்கில் ஒரு ஆன்லைன் வகுப்புதான் சேரும். அவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் பயன்படுத்த விட்டு என்.ஐ.எல். விளம்பரப் பணம் வாங்குவார்கள். நம்மவருக்கு அது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்பட்டு விசாவுக்கே ஆபத்தாகலாம்.

வரி விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஸ்காலர்ஷிப்பில் டியூஷனுக்கும் புத்தகத்துக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்கான பகுதிக்கு 14 சதவீதம் பிடிப்பார்கள். அந்தப் பகுதி 15,000 டாலர் என்றால் 2,100 டாலர், அதைக் கல்லூரி உங்கள் கணக்கில் கடனாகப் போட்டுவிடும். இந்தியா–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவில் இந்திய மாணவருக்கு, வருமானத்தில் ஒரு பகுதியை வரியில்லாமல் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு, பெரும்பாலான நாட்டவருக்கு இல்லாத சலுகை அது. பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ் படிவத்தை மார்ச்சில் வாங்கி, 1040-என்.ஆர். என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பக் கேட்க வேண்டும்.